தம்பி நீர்மூழ்கிப் பிரிவுக்குப் போகிறான்: அம்மாவிடம் என்ன சொல்வது?

நாங்குநேரி அக்கா கேட்டது:

வணக்கம். நாங்குநேரிக்குத் தெற்கே எங்கள் கிராமம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் தம்பி 2020-இல் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்தான். சில்காவில் பயிற்சி முடித்து ஒரு போர்க்கப்பலில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தான். அப்போதெல்லாம் வீட்டில் யாருக்கும் பயம் இல்லை. துறைமுகத்துக்கு வந்தவுடன் கூப்பிடுவான். மேல்தளத்தில் நின்று படம் எடுத்து அனுப்புவான். அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டுவாள்.

போன வாரம் கூப்பிட்டு, நீர்மூழ்கிப் பிரிவுக்கு விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன், மருத்துவப் பரிசோதனையிலும் தேறிவிட்டேன், அடுத்து விசாகப்பட்டினத்தில் சாதவாகனா பயிற்சி நிலையம் என்றான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. 2023-இல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன சிறு நீர்மூழ்கி நசுங்கி ஐந்து பேர் இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் நாள்கணக்கில் காட்டினார்களே, அது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஊரில் ஒருவர் வேறு, மும்பைத் துறைமுகத்தில் நீர்மூழ்கி வெடித்த கதையைச் சொல்லிவிட்டார். "யாரும் கட்டாயப்படுத்தாமல் இவனாகப் போய் எதற்குக் கையெழுத்துப் போட்டான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உள்ளே போய்விட்டால் எத்தனை நாள் பேச முடியாது? டீசல், அணுசக்தி என்று இரண்டு வகை சொல்கிறார்களே, எதில் ஆபத்து குறைவு? அவன் போகப்போகும் கப்பல் எது, எந்தத் தேதியில் புறப்படும், எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் விஜயநாராயணம் பக்கம் கடற்படைக் கோபுரங்கள் தெரியும். சுற்றியுள்ள காற்றாலைகள் அதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர். அது என்ன கப்பல் என்று தம்பியிடம் கேட்டால், "இனிமேல் எனக்கு அதுதான் வேண்டியது அக்கா" என்று சொல்லிச் சிரிக்கிறான். கடலே இல்லாத இடத்தில் கப்பல் பெயர் எதற்கு?

ஓய்வுபெற்ற சோனார் எழுதியது:

மகளே, அம்மாவிடம் "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர்கள் நம்பமாட்டார்கள். அது உண்மையும் இல்லை.

நான் 1984-இல் கடற்படையில் சேர்ந்தேன். 1987-இல் நீர்மூழ்கிப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். முதலில் குர்சுரா என்ற டீசல் நீர்மூழ்கி, பிறகு ரஷ்யாவில் கட்டிய கிலோ வகை டீசல் நீர்மூழ்கி. 2006-இல் ஓய்வுபெற்று இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். சோனார் என்பது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கடலைக் கேட்கிற வேலை. என் தாயும் இதே கேள்வியைத்தான் கேட்டார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சம்பளத்தோடு தனிப் படி கிடைக்கும் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அவர் இப்போது இல்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை உன் தாய்க்குச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்குப் பதில் பாதி அங்கேயே இருக்கிறது.

கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டும். பிரிட்டிஷ் காலத்திலிருந்து வருகிற வழக்கம். அரக்கோணத்தில் உள்ள விமானத் தளம் ஐ.என்.எஸ். ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ளது ஐ.என்.எஸ். பருந்து. இப்படிப்பட்ட தளத்தின் வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போனால்கூட "கரைக்குப் போகிறேன்" என்றுதான் சொல்லுவோம். கட்டபொம்மன் 1990-இல் தொடங்கிய வானொலி நிலையம். 2014-இல் புதிய ஒலிபரப்பி வந்தது. அதன் நடுக்கோபுரம் 471 மீட்டர் உயரம். இந்தியாவில் மனிதர் எழுப்பியவற்றில் அதைவிட உயரமானது எதுவும் இல்லை. உன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அது தெரிகிறது.

உயரம் எதற்கென்றால், உப்பு நீர் வானொலி அலையை விழுங்கிவிடும். செல்போன் அலை கடல் நீருக்குள் ஒரு சாண்கூட இறங்காது. அலையின் நீளம் கூடக் கூடத்தான் அது போகும் ஆழமும் கூடும். கட்டபொம்மன் அனுப்பும் அலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அவ்வளவு நீண்ட அலையே கடலுக்குள் பத்துப் பதினைந்து மீட்டர்தான் இறங்கும். ஆனால் எங்களுக்கு அது போதும். மேலே தலைகாட்டாமல், ஒரு கம்பியை நீர்மட்டத்தை ஒட்டி மிதக்கவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். குரல் வராது. பழைய தந்தி போல எழுத்தெழுத்தாக, மெதுவாக வரும். நாங்கள் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல வேண்டுமானால் கப்பலுக்குள் இன்னொரு விஜயநாராயணம் வேண்டும்.

உன் தம்பி சிரித்ததன் பொருள் இதுதான். கடலுக்கு அடியில் இருக்கும்போது அவன் கப்பலுக்கு நாட்டிலிருந்து வரும் சொல் உங்கள் வயல்வெளியிலிருந்து கிளம்பியதாக இருக்கும்.

அடுத்து, அம்மா தொலைக்காட்சியில் பார்த்த டைட்டன். அது ஒரு தனியார் நிறுவனம் சுற்றுலாவுக்காகக் கார்பன் இழையில் கட்டிய கலம். டைட்டானிக் கிடப்பது 3,800 மீட்டர் ஆழத்தில். கடற்படை நீர்மூழ்கி உருக்கில் கட்டப்படுவது. அது ஓடுவது சில நூறு மீட்டர் ஆழத்துக்குள். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால் 300 மீட்டரில் ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 300 டன் அழுத்தும். அதைத் தாங்கும்படி கட்டி, ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்புக்குப் பின்னும் படிப்படியாக ஆழத்தில் இறக்கிச் சோதித்துப் பார்ப்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

மும்பையில் நடந்ததை மறைக்காதே. 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு தாண்டிய நேரம். துறைமுகத்தில் கட்டி நிறுத்தியிருந்த கிலோ வகை நீர்மூழ்கி சிந்துரக்ஷக்கில் வெடிப்பு ஏற்பட்டு 18 பேர் இறந்தார்கள். அதே கப்பலில் 2010-இல் மின்கலப் பகுதியில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்து ஒருவர் இறந்திருந்தார். 2014 பிப்ரவரியில் அதே வகையைச் சேர்ந்த சிந்துரத்னாவில் கடலுக்குள் இருக்கும்போதே தீ, புகை. கபீஷ் முவால், மனோரஞ்சன் குமார் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் உயிரிழந்தார்கள். பொறுப்பேற்று கடற்படைத் தளபதி அட்மிரல் ஜோஷி அன்றைக்கே பதவி விலகினார். நான் ஓய்வுபெற்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிந்துரக்ஷக் செய்தி வந்த காலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தவன் மாலை வரை எழுந்திருக்கவில்லை. அந்த வகைக் கப்பலின் முன்னறையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இதனால்தான் ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீசல் நீர்மூழ்கிக்குள் உயிர் என்பது மின்கலம். இப்போதைய புதிய கல்வரி வகை நீர்மூழ்கியில் 360 மின்கலங்கள், ஒவ்வொன்றும் 750 கிலோ. மூழ்கியிருக்கும்போது மோட்டாரைச் சுழற்றுவதும், விளக்கு எரிப்பதும், சோறு வேகவைப்பதும் அவைதான். மின்னேற்றம் செய்யும்போது அவற்றிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கைத் தொட்டால் ஒரு சிறு பொறி போதும். கடல் நீர் மின்கலத்துக்குள் போனால் குளோரின் வரும். மூச்சுக்காற்றைப் புதுப்பிக்க ரஷ்யக் கப்பல்களில் இரசாயனத் தகடுகள் வைத்திருப்போம். கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் தரும். அருமையான பொருள்தான், ஆனால் எண்ணெய்க் கை பட்டால் தீப்பிடிக்கும். உள்ளே நம்மை வாழவைக்கிற ஒவ்வொன்றும் கவனம் பிசகினால் கொல்லக்கூடியது. ஆகவே கவனம் பிசகாமல் இருப்பதையே முதல் நாளிலிருந்து படிப்பிப்பார்கள்.

சாதவாகனாவில் பாடம் முடிந்த பிறகு உன் தம்பி ஒரு கப்பலில் ஏறிப் படிப்பான். அப்போது அவன் சோனாரா, இன்ஜினா, சமையலா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எல்லா அறையும் எல்லா வால்வும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். குர்சுராவில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த முதுநிலை மாலுமி விளக்கை அணைத்துவிட்டு, "பின்னறையில் தண்ணீர் வருகிறது, எதை மூடுவாய்? கையை வைத்துக் காட்டு" என்பார். தவறான வால்வில் கை வைத்தால் திட்டமாட்டார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய், நான் மூடாமல் விட்டதால் யார் யார் இறந்திருப்பார்கள் என்று படுக்கை படுக்கையாகப் பெயர் சொல்லிக் காட்டுவார். தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்போம். தேர்வில் தேறினால் சட்டையில் டால்பின் சின்னம் குத்துவார்கள். எனக்கு அது கிடைத்த நாளில் அவர் முதல்முறையாக எனக்கு முன்னால் தூங்கப் போனார். இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அம்மா கேட்கும் "எதற்குக் கையெழுத்துப் போட்டான்" என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இது. பெரிய கப்பலில் சில நூறு பேரில் ஒருவன். இங்கே ஐம்பது பேர், அந்த ஐம்பதும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பது. பையன் அதைக் கேள்விப்பட்டிருப்பான்.

கடைசியாக, கொஞ்சம் கண்டிப்பாகவே ஒன்று. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று இணையத்தில் தேடாதே. நாளைக்குத் தெரிய வந்தாலும் இங்கேயோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதாதே. நீர்மூழ்கிக்குக் கவசமும் கிடையாது, வேகமும் கிடையாது. இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் ஒரே பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பில் வீட்டாரின் பங்கும் இருக்கிறது.

நாங்குநேரி அக்கா எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். வெடிப்புப் பகுதியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன், பிறகு அதையும் வாசித்தேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். இரவு எட்டு மணிக்கு அவளாகவே மாடிக்குப் போய்க் கோபுரத்தின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே வந்து, "அப்படியென்றால் அங்கேயிருந்து சொன்னால் அவனுக்குக் கேட்குமா?" என்றாள். நமக்காகச் சொல்லமாட்டார்கள் அம்மா என்றேன்.

தேதி பற்றிக் கேட்டதற்கு மன்னியுங்கள். தெரியாமல் கேட்டுவிட்டேன்.

விசாகையில் பதினொரு ஆண்டு எழுதியது:

தங்கையே, நான் மாலுமியின் மனைவி. விருதுநகரில் பிறந்து, கல்யாணமான பத்தாம் நாளில் விசாகப்பட்டினக் குடியிருப்புக்குப் போனவள். உன் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அது கரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எத்தனை நாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் கணவர் "செய்லிங்" என்று ஒரு சொல் சொல்லுவார், பையை எடுப்பார், அவ்வளவுதான். சில முறை நான்கு நாளில் வந்து நின்றார். ஒரு முறை ஒரு மாதம் தாண்டியது. காத்திருப்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். அவர் போன மறுநாள் ஊறுகாய் போடுவேன். எலுமிச்சை உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, தோல் மெத்தென்று ஆகும்வரை வாசலைப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டு. எங்கள் வீட்டில் எப்போதும் ஆறேழு ஜாடி இருக்கும்.

சேதி சொல்ல வழி உண்டா என்று கேட்டால், தளத்தில் சொல்லலாம். சாவு, பிரசவம் போன்றவற்றைத் தெரிவிப்பதற்கு ஆள் உண்டு. அதைக் கடலில் இருப்பவருக்கு எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். என் மாமனார் இறந்தது என் கணவருக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கரையில் இறங்கியதும் அவருடைய அதிகாரியே தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். கடலுக்குள் குளிக்கத் தண்ணீர் கிடையாது, அங்கே அழவும் தனி இடம் கிடையாது.

தனியாக இருக்காதே. அம்மாவையும் தனியாக விடாதே. எங்கள் கட்டடத்தில் ஒரே கப்பலைச் சேர்ந்த ஐந்து வீடுகள் இருந்தன. ஒரியா, பஞ்சாபி, மலையாளம், மராத்தி, நான். ஒருத்தி மொழி ஒருத்திக்குச் சரியாகப் புரியாது. என் இரண்டாவது மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது அந்த ஒரியாப் பெண்தான். கையெழுத்தும் அவள்தான் போட்டாள்.

திரும்பி வரும்போது ஒரு வாசனை வரும். டீசலும் எண்ணெயும் பூட்டிவைத்த அறையும் சேர்ந்த வாசனை. இரண்டு முறை துவைத்தாலும் போகாது. முதல் ஆண்டு எனக்கு அது குமட்டியது. பிறகு மாடிப்படியில் அந்த வாசனை வந்தால் கதவைத் திறக்க ஓடுவேன்.

தூத்தூர் விசைப்படகு எழுதியது:

அண்ணன் சோனாரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். கொச்சியிலிருந்து புறப்பட்டு ஆழ்கடலில் சூரைக்கும் சுறாவுக்கும் போவோம். முப்பது நாள், நாற்பது நாள் கரையைப் பார்க்கமாட்டோம். 2024 நவம்பரில் கோவாவுக்கு வடமேற்கே மார்த்தோமா என்ற மீன்பிடிப் படகும் கடற்படை நீர்மூழ்கியும் மோதிக்கொண்டன. படகில் இருந்த பதின்மூன்று பேரில் பதினொரு பேரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இந்தப் பயம்தான். இந்த அக்காவின் தம்பி அடியில் இருப்பான், நாங்கள் மேலே இருப்போம். எங்கள் படகு அவனுக்குக் கேட்குமா? நாங்கள் இன்ஜினை நிறுத்திவிட்டு வலையோடு மிதந்துகொண்டிருந்தால்?

ஓய்வுபெற்ற சோனார் எழுதியது:

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. நேராகவே சொல்கிறேன். ஓடுகிற படகு கேட்கும். நன்றாகவே கேட்கும். விசைப்படகின் சுழலி நீரை அடிக்கும் தாளத்தை வைத்து அதில் மூன்று இலையா நான்கு இலையா என்று எண்ணிச் சொல்லிவிடலாம். இன்ஜினை அணைத்துவிட்டு மிதக்கும் படகு கேட்காது. அதில் சத்தமே இல்லையே, எதைக் கேட்பது? நாங்களாக ஒலி எழுப்பிப் பார்க்கலாம்தான், ஆனால் அப்படிச் செய்தால் எங்கள் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே பெரும்பாலும் செய்யமாட்டோம்.

வெப்பக் கடலில் கேட்பது எளிதும் அல்ல. ஆழம் குறைந்த இடத்தில் ஒருவகைச் சிறு இறால் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கில். ஹெட்போனில் அது கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்டது போல இடைவிடாமல் பொரியும். அதற்குள்ளிருந்து ஒரு சுழலியின் சத்தத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். வெயில் ஏறினால் மேல்நீர் சூடாகி, சத்தம் நேராக வராமல் வளைந்து கீழே போய்விடும். மேலே பக்கத்தில் இருக்கும் படகு கேட்காமல், தூரத்தில் போகும் சரக்குக் கப்பல் தெளிவாகக் கேட்ட நாள்கள் எனக்கு உண்டு. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பெரிஸ்கோப் ஆழத்துக்கு ஏறும் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே ஒருவரும் பேசமாட்டார்கள். நான் பணியில் இருந்த காலமெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் செய்த பயம் எதிரிக் கப்பல் அல்ல. விளக்கு இல்லாமல் மிதக்கும் ஒரு மரப்படகும், அதில் தூங்கும் நாலு பேரும். என் அம்மாவின் தம்பிகள் குளச்சலில் அப்படித்தான் போவார்கள். உன் படகில் அடையாளம் காட்டும் தானியங்கிக் கருவி இருந்தால் அதை ஒருபோதும் அணைத்துவைக்காதே. மீன்பாடு இருக்கும் இடம் அடுத்த படகுக்குத் தெரிந்துவிடும் என்று அணைப்பவர்களை எனக்குத் தெரியும். இரவில் விளக்குப் போடு. இரண்டு பக்கமும் எச்சரிக்கையாக இருந்தால்தான் இது தீரும். மார்த்தோமாவில் போன அந்த இரண்டு பேரின் குடும்பங்களை நினைக்காத நாள் குறைவு.

மகளே, உன் டீசல், அணுசக்திக் கேள்வி பாக்கி நிற்கிறது. டீசல் நீர்மூழ்கி மெதுவாக ஓடினால் மின்கலம் சில நாள் தாங்கும். கிலோ வகை மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் ஏறத்தாழ 400 கடல் மைல் போகும், அதாவது ஐந்தரை நாள். பிறகு நீர்மட்டத்துக்கு அருகே வந்து ஒரு குழாயை மட்டும் மேலே நீட்டிக் காற்றை இழுத்து டீசல் இன்ஜினை ஓட்டி மின்னேற்றம் செய்தாக வேண்டும். அப்போதுதான் அது சத்தம் போடும், அப்போதுதான் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தைக் குறைக்க, காற்றே இல்லாமல் மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தை பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் அம்பர்நாத் ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. அணுசக்திக் கப்பலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சோறு தீரும்வரை அடியிலேயே இருக்கலாம். 2016-இல் சேர்ந்த அரிஹந்த், 2024-இல் சேர்ந்த அரிகாட் இரண்டும் அணு ஏவுகணை தாங்கியவை. அரிஹந்தின் உலையைக் கடலில் இறக்குவதற்கு முன் அதன் மாதிரியைக் கல்பாக்கத்தில் தரையில் அமைத்து ஓட்டிப் பார்த்தார்கள், மாலுமிகள் அங்கேயே பழகினார்கள். எதில் ஆபத்து குறைவு என்றால், எனக்குத் தெரிந்த அளவில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட கப்பலில் ஆபத்து குறைவு. வயதான கப்பலைப் பழுதுபார்க்காமல் ஓட்டுவதுதான் ஆபத்து. நான் பணியில் இருந்த காலத்தில் புதிய கப்பல்கள் வருவது வெகுநாள் தள்ளிக்கொண்டே போனது. 2005-இல் ஒப்பந்தமான ஆறு கல்வரி வகைக் கப்பல்களில் முதலாவது 2017 டிசம்பரில்தான் கடற்படைக்குக் கிடைத்தது, ஆறாவது வக்ஷீர் 2025 ஜனவரியில். நடுவே இருந்த ஆண்டுகளில் பழைய கப்பல்களைச் சுமந்துகொண்டு ஓடிய பையன்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. உன் தம்பி அந்த இடைவெளி ஓரளவு அடைபட்ட பிறகு போகிறான்.

இன்னொரு நல்ல செய்தி. நான் இருந்தபோது அடியில் சிக்கிக்கொண்டவர்களைத் தூக்கிவர நம்மிடம் தனிக் கலம் கிடையாது. 2018-இல் முதலாவது வந்தது, இப்போது இரண்டு இருக்கின்றன. 650 மீட்டர் ஆழம் வரை போய், சிக்கிய கப்பலின் மூடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு தடவைக்குப் பதினான்கு பேரை ஏற்றிவரும். 2021-இல் இந்தோனேசியாவின் நங்கலா நீர்மூழ்கி 53 பேரோடு காணாமல் போனபோது நம் கலத்தைத் தேடலுக்கு அனுப்பினார்கள். அது போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது அந்தக் கலங்களைச் சுமந்துசெல்லத் தனிக் கப்பல், நிஸ்தர், விசாகப்பட்டினத்தில் கட்டி 2025 ஜூலையில் பணியில் சேர்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டுவதைவிட ஒரு முறை நேரில் காட்டிவிடு. நான் பணியாற்றிய குர்சுரா 1969-இல் சேர்ந்து 2001-இல் ஓய்வுபெற்றது. 2002-இலிருந்து விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், மணல்மேல், அருங்காட்சியகமாக நிற்கிறது. 91 மீட்டர் நீளம், ஆனால் உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எழுபதுக்கு மேல் ஆட்கள் அதில் இருந்தோம். போன ஆண்டு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் படுத்த இடம் அப்படியே இருக்கிறது. "தாத்தா, இதில் காலை நீட்ட முடியாதே" என்றாள். நீட்டியதே இல்லை என்றேன். வழிகாட்டி ஒருவர் டார்பிடோ பற்றிச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சோனார் அறைக்கு முன்னால் நின்று கையை உள்ளே விட்டுப் பழைய கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன்.

நாங்குநேரி அக்கா எழுதியது:

ஐயா, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. உள்ளே ஏணி ஏற வேண்டியிருக்குமா? தம்பி பயிற்சி முடிவதற்குள் ஒரு தடவை கூட்டிப்போய்விடலாம் என்று பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற சோனார் எழுதியது:

பார்வையாளர்களுக்காகப் பக்கவாட்டில் வழி வெட்டிப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், செங்குத்தான ஏணி ஏற வேண்டாம். ஆனால் அறைக்கு அறை குனிந்து, காலைத் தூக்கிவைத்துத்தான் தாண்ட வேண்டும். நீ முன்னால் போ, அவர்களை உன் தோளைப் பிடித்துக்கொண்டு வரச் சொல். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் நெருக்கும். சென்னையில் வண்டி மாறினால் காலையில் போய் இறங்கலாம். அந்தப் பதினொரு ஆண்டு விசாகையில் இருந்த அம்மையாரிடம் தங்குவதற்கு நல்ல இடம் கேட்டுக்கொள்.

தம்பிக்கு எந்தப் பிரிவு என்று நீ சொல்லவில்லை, இங்கே சொல்லவும் வேண்டாம். சோனாராக இருந்தால் மட்டும், அடுத்த விடுப்பில் ஊருக்கு வரும்போது நாகர்கோவில் வந்துபோகச் சொல். அந்த இறால் சத்தத்துக்குள் காதை எப்படிப் பழக்குவது என்று அவனிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.